முப்பது பவுண்டு கேட்ட ஜெஸ்ஸி பாண்ட்

வழக்கம்போல இதுவும் நீளமான பதிவுதான். அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து உட்காருங்கள்.

பாண்ட் என்றதும் உங்களில் பாதிப் பேருக்குக் கோட்டும் சூட்டும் துப்பாக்கியும்தான் நினைவுக்கு வரும். நான் சொல்லப்போவது ஜெஸ்ஸி பாண்ட் என்ற பெண்ணைப் பற்றி. விக்டோரியா மகாராணி காலத்து லண்டனில் நகைச்சுவை இசை நாடகங்களில் பாடி நடித்துப் புகழ் பெற்றவர். 1853 ஜனவரி 10 அன்று பிறந்து 1942 ஜூன் 17 வரை, 89 ஆண்டுகள் வாழ்ந்தவர்.

விக்டோரியா காலம் என்றால் வகுப்பில் நாம் படித்தது 1858ஆம் ஆண்டுப் பிரகடனம், ரயில் பாதை, தந்திக் கம்பி இவ்வளவுதான். அதே ஆட்சியில் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி தன் குரலை நம்பி எப்படிப் பிழைத்தாள், தன் உழைப்புக்கு என்ன விலை கேட்டாள் என்பதெல்லாம் பாடப் புத்தகத்தில் வராது. எனக்கு என்னவோ அதுவும் வரலாறுதான் என்று தோன்றுகிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

ஜெஸ்ஸி பிறந்தது லண்டனில் கேம்டன் டவுன் என்ற பகுதியில். வளர்ந்தது லிவர்பூல் துறைமுக நகரத்தில். அப்பா பியானோ செய்யும் தொழில் தெரிந்தவர். வீட்டில் இசை இருந்தது, பணம் அதிகம் இல்லை. சின்ன வயதிலேயே பியானோ கற்று எட்டு வயதில் மேடையில் வாசித்தார். பிறகு குரலும் நன்றாக அமைந்தது. மேல்சுரத்தில் கீச்சிடும் குரல் அல்ல, கொஞ்சம் கனமான, கீழே இறங்கிப் பாடக்கூடிய குரல். மேற்கத்திய இசையில் இதை மெஸ்ஸோ சோப்ரானோ என்பார்கள். இந்த வகைக் குரலுக்குக் கதாநாயகி வேடம் அபூர்வமாகத்தான் கிடைக்கும். தோழி, தங்கை, அத்தை என்று பக்கத்து வேடங்கள்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1870இல், பதினேழு வயதில், ஜெஸ்ஸிக்குத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை ஃபிரெடரிக் ஷாட்லாண்டர், இசைத் துறையைச் சேர்ந்தவர். அந்த வாழ்க்கை கொடுமையாக இருந்தது. பிறந்த ஆண் குழந்தையும் சில வாரங்களிலேயே இறந்துவிட்டது. ஓராண்டு முடிவதற்குள் ஜெஸ்ஸி கணவனை விட்டுப் பிரிந்தார். 1874இல் விவாகரத்து கிடைத்தது.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். இங்கிலாந்தில் நீதிமன்றம் மூலம் விவாகரத்து பெறும் சட்டம் வந்ததே 1857இல்தான். அதிலும் ஆணுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயம். மனைவி வேறொருவனுடன் தொடர்பு வைத்தாள் என்று நிரூபித்தாலே கணவனுக்கு விவாகரத்து கிடைத்துவிடும். மனைவி கேட்டால் அது மட்டும் போதாது. தொடர்பையும் நிரூபிக்க வேண்டும், அதோடு கொடுமையையோ கைவிட்டுப் போனதையோ வேறு பெருங்குற்றத்தையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். நாடு முழுவதிலும் ஆண்டுக்குச் சில நூறு விவாகரத்துகள்தான் நடந்தன. கல்யாணம் ஆன பெண் தான் சம்பாதித்த கூலியைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையே 1870ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் கிடைத்தது. அதுவரை அதுவும் கணவனுக்கே சொந்தம். ஜெஸ்ஸிக்குத் திருமணம் ஆன அதே ஆண்டு!

அப்படிப்பட்ட காலத்தில், 21 வயதில், விவாகரத்தான பெண் என்ற பெயருடன் ஜெஸ்ஸி எழுந்து நின்றார். கையில் இருந்த ஒரே சொத்து குரல். லண்டனுக்குப் போய் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக் நிறுவனத்தில் மானுவல் கார்சியாவிடம் பாட்டுக் கற்றார். இந்தக் கார்சியா சாதாரண வாத்தியார் அல்ல. சிறிய கண்ணாடியைத் தொண்டைக்குள் செலுத்தி, பாடும்போது குரல் நாண்கள் எப்படி அசைகின்றன என்று முதன்முதலில் தெளிவாகப் பார்த்துச் சொன்னவர். இன்றைய காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் கையாளும் கருவிக்கு மூதாதை அது. அப்படிப்பட்ட குருவிடம் படித்துவிட்டு ஜெஸ்ஸி கச்சேரிப் பாடகியாகப் பெயர் எடுக்க ஆரம்பித்தார்.

கச்சேரிப் பாடகி என்றால் மரியாதை. நாடகக்காரி என்றால் மரியாதை இல்லை. அப்போது லண்டனிலும் இதே கதைதான். நல்ல குடும்பத்தார் நாடகக் கொட்டகைப் பக்கம் போகத் தயங்கினார்கள். ஒரு நாடகக் குழு தன் அரங்கத்துக்குத் 'தியேட்டர்' என்ற பெயரையே வைக்காமல் 'சித்திரக் கூடம்' என்கிற மாதிரிப் பெயர் வைத்துப் பிழைப்பு நடத்தியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே விவாகரத்தான பெண். அவர் மேடை ஏறினால் ஊர் என்ன சொல்லியிருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி மூன்று ஆண்களை அறிமுகப்படுத்த வேண்டும். வசனமும் பாட்டு வரிகளும் எழுதியவர் டபிள்யூ. எஸ். கில்பர்ட். இசை அமைத்தவர் ஆர்தர் சல்லிவன். பணம் போட்டு நிர்வாகம் செய்தவர் ரிச்சர்டு டாய்லி கார்ட். இவர்கள் மூவரும் சேர்ந்து செய்தவை காமிக் ஓபரா என்ற வகை. பாட்டும் வசனமும் கலந்து, அரசியல்வாதி, நீதிபதி, பிரபு, கவிஞர் என்று பெரிய மனிதர்களையெல்லாம் கேலி செய்யும் நாடகங்கள். கேலியில் ஆபாசம் இருக்காது. குடும்பத்தோடு வந்து பார்க்கலாம். அதுதான் கார்ட்டின் கணக்கு. நாடகத்தைப் பார்க்காத வர்க்கத்தையே அரங்கத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

1878 மே மாதம் 'எச்.எம்.எஸ். பினஃபோர்' என்ற நாடகம் அரங்கேற இருந்தது. கப்பலில் ஒருநாளும் போகாத ஒருவர் கடற்படைக்கே மந்திரியாகிவிட்ட கதை. அதில் மந்திரியின் உறவுக்காரப் பெண் ஹீபி. அந்த வேடத்துக்குப் போட்டிருந்த அனுபவமுள்ள நடிகை கடைசி நேரத்தில் விலகிவிட்டார். அந்த இடத்துக்கு அவசரமாகக் கொண்டுவரப்பட்டவர்தான் 25 வயது ஜெஸ்ஸி. பாட வரும். நடித்துப் பழக்கமே இல்லை, மேடையில் வசனம் பேசவும் தயக்கம். என்ன செய்தார்கள் தெரியுமா? ஹீபியின் வசனங்களை வெட்டிவிட்டார்கள்! கூட்டத்தோடு நின்று பாடினால் போதும் என்று வேடத்தையே சுருக்கினார்கள். மே 25 அன்று ஜெஸ்ஸி முதல்முறை அப்படித்தான் மேடையில் நின்றார். வாய் திறந்து பேசாத நடிகையாக.

பினஃபோர் 571 காட்சிகள் ஓடியது. அமெரிக்காவில் அதன் புகழ் இன்னும் பெரிது. ஆனால் அங்கே பிரிட்டிஷ் நூல்களுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லாததால் ஆளாளுக்கு எடுத்துப் போட்டுப் பணம் பார்த்தார்கள். எழுதியவர்களுக்குக் காசு இல்லை. 'நாமே போய் முதலில் போடுவோம்' என்று அடுத்த நாடகத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு மூவரும் குழுவுடன் நியூயார்க் போனார்கள். 1879 டிசம்பர் 31 அன்று அங்கே 'தி பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்' அரங்கேறியது. அந்தக் குழுவில் ஜெஸ்ஸியும் உண்டு. ஈடித் என்ற வேடம். இப்போது பேசவும் செய்தார்.

தொடக்க ஆண்டுகளில் அவருக்குக் காலில் சீழ்க்கட்டி வந்து பெரிதும் துன்பப்பட்டார். கட்டி ஆறியது, ஆனால் கணுக்கால் விறைத்துப்போனது. பிற்காலத்தில் சவாய் அரங்கத்தில் அவர் ஆடிய ஆட்டமெல்லாம் மடங்காத கணுக்காலை வைத்துக்கொண்டு ஆடியதுதான். பார்த்தவர்களுக்கு அது தெரியாது.

சவாய் என்று சொன்னேன் அல்லவா? 1881 அக்டோபரில் கார்ட் தன் நாடகங்களுக்கென்றே கட்டித் திறந்த அரங்கம் அது. முழுக்க மின்விளக்கால் ஒளியூட்டப்பட்ட உலகின் முதல் பொதுக் கட்டடம். சுமார் 1,200 பல்புகள். அதுவரை அரங்கம் என்றால் கேஸ் விளக்கு. சூடு, புகை, தீப்பிடிக்கும் பயம். மின்சாரத்தைக் கண்டும் மக்கள் பயந்தார்கள். அதனால் ஒருநாள் கார்ட் மேடைக்கு வந்து, எரிந்துகொண்டிருந்த பல்பைத் துணியில் சுற்றி உடைத்து, 'பாருங்கள், துணியில் பொசுங்கல்கூட இல்லை' என்று காட்டினார். அந்த அரங்கத்தில் ஊழியர்களுக்குச் சில்லறை கொடுக்கத் தேவையில்லை, நிகழ்ச்சி நிரல் இலவசம், மலிவு டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்கும் முறை என்று பல புதுமைகள். மேடைக்குப் பின்னால் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் அறைகள். நடிகைகளைப் பார்க்க வெளி ஆட்கள் உள்ளே வர முடியாது.

ஒரு சம்பவம். ஜெஸ்ஸியே பிற்காலத்தில் சொன்னது. மேடைக்குப் பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்திருந்த சில பணக்கார வாலிபர்கள் அவருக்கு ஒரு சீட்டு அனுப்பினார்கள். இரவு விருந்துக்கு வரச் சொல்லி. சீட்டைக் கில்பர்ட் பார்த்துவிட்டார். நேராக அந்தப் பெட்டிக்குப் போனார். 'ஒன்று, நான் மேடைக்கு முன்னால் வந்து, ஜெஸ்ஸி ஏன் தொடர்ந்து நடிக்க மறுக்கிறார் என்று எல்லாரிடமும் சொல்வேன். இல்லை, ஆட்களை விட்டு உங்களை வெளியே தள்ளுவேன். அதுவும் இல்லையென்றால் நீங்களே சத்தமில்லாமல் எழுந்து போய்விடுங்கள்' என்கிற பொருளில் சொல்லியிருக்கிறார். எழுந்து போய்விட்டார்களாம்! கில்பர்ட் கோபக்காரர், கறாரானவர். ஆனால் தன் குழுவில் உள்ள பெண்களின் மரியாதை விஷயத்தில் விட்டுக்கொடுக்காதவர்.

கில்பர்ட்டின் ஒத்திகையும் அப்படித்தான். வீட்டில் மேடையின் சிறிய மாதிரியைச் செய்து வைத்து, மரக்கட்டைகளை ஆட்களாக நிறுத்தி, யார் எப்போது எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் ஒத்திகைக்கு வருவார். நடிகர்கள் தம் இஷ்டத்துக்கு ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ கூடாது. நகைச்சுவையைச் சிரிக்காமல், முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. நடிப்பே தெரியாமல் வந்த ஜெஸ்ஸிக்கு இந்த ஒத்திகைதான் பள்ளிக்கூடம். வேறு இடத்தில் கற்ற கெட்ட பழக்கம் எதுவும் இல்லாததால் அவர் சீக்கிரம் கற்றார் என்று நான் நினைக்கிறேன். ஒன்றுமே தெரியாது என்று கை கட்டி நிற்கும் பிள்ளைதான் சில நேரம் எல்லாரையும் தாண்டிப் போகும். வகுப்பறையில் நான் பார்த்ததும் அதுதான்.

1882 நவம்பர் 25 அன்று 'அயோலாந்தே' அரங்கேறியது. தலைப்பு வேடமே ஜெஸ்ஸிக்குத்தான்! நாலே ஆண்டுகளுக்கு முன்னால் வசனம் வெட்டப்பட்ட பெண்ணுக்கு. அயோலாந்தே ஒரு தேவதை. மனிதனை மணந்த குற்றத்துக்காக நாடு கடத்தப்பட்டவள். தேவதைக்கு வயதாகாது என்பதால் வளர்ந்த மகன் பக்கத்தில் நிற்கும்போதும் அவள் இளம்பெண்ணாகவே இருப்பாள். அதில்தான் வேடிக்கை. மகனாக நடித்த ரிச்சர்டு டெம்பிள் உண்மையில் 'அம்மா'வை விட ஏழு வயது மூத்தவர்! ஆனால் இரண்டாம் அங்கத்தில் மகனுக்காக அயோலாந்தே தலைமை நீதிபதி முன் மண்டியிட்டுக் கெஞ்சும் இடத்தில் வேடிக்கை நின்றுவிடும். அங்கே ஜெஸ்ஸியின் கனமான குரல் வேலை செய்தது. அந்த நாடகத்தில் முக்கியத் தேவதைகளின் தலையில் பாட்டரியில் எரியும் சிறு விளக்குகள் மின்னின. மின்சாரம் மேடைக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது.

1884 ஜனவரியில் 'பிரின்சஸ் ஐடா'. ஆசிரியை என்ற முறையில் எனக்கு இதில் ஒரு தனி அக்கறை. பெண்கள் மட்டுமே படிக்கும் பல்கலைக்கழகத்தைக் கேலி செய்யும் நாடகம் இது. லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தர முன்வந்தது 1878இல். ஆறே ஆண்டுகளில் அதை வைத்து மேடையில் சிரிக்கிறார்கள். அதில் ஜெஸ்ஸிக்கு மெலிஸ்ஸா என்ற மாணவி வேடம். பெண் படித்தால் என்ன ஆகும் என்று சிரித்த அரங்கத்தில், அந்தச் சிரிப்பை வரவழைத்துக் கொடுத்து, தன் சம்பாத்தியத்தில் தனியாக வாழ்ந்துகொண்டிருந்தார் ஒரு பெண். எந்தப் பக்கம் உண்மையில் சிரிக்க வேண்டியது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

1885 மார்ச் 14, 'தி மிக்காடோ'. கில்பர்ட், சல்லிவன் நாடகங்களிலேயே மிகப் புகழ் பெற்றது. 672 காட்சிகள். கதை நடப்பது ஜப்பானில், கேலி செய்வது இங்கிலாந்தை. அப்போது லண்டன் நைட்ஸ்பிரிட்ஜில் ஒரு ஜப்பானியக் கிராமக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்தவர்களை வரவழைத்து, ஜப்பானியப் பெண்கள் எப்படி நடப்பார்கள், விசிறியை எப்படிப் பிடிப்பார்கள் என்று நடிகைகளுக்குக் கற்றுக்கொடுத்தார் கில்பர்ட். பள்ளியிலிருந்து வரும் மூன்று சிறுமிகளாக லியோனோரா பிரஹாம், ஜெஸ்ஸி, சிபில் கிரே. மூவருமே குள்ளமானவர்கள், ஏறக்குறைய ஒரே உயரம். அதைப் பார்த்துத்தான் கில்பர்ட்டுக்கு அந்த மூவர் பாட்டு தோன்றியது என்று சொல்வார்கள்.

மூவருக்கும் ஒரே மாதிரி உடை, ஒரே மாதிரி நடை. நம்மை யார் தனியாகக் கவனிப்பார்கள்? ஜெஸ்ஸி ஒரு வேலை செய்தார். ஜப்பானிய உடையில் இடுப்பைச் சுற்றிக் கட்டிப் பின்னால் பெரிய முடிச்சுப் போடும் பட்டை உண்டு, ஓபி என்பார்கள். உடை தைக்கும் அம்மாளிடம் ரகசியமாகச் சொல்லித் தன்னுடைய ஓபியை மட்டும் மற்றவர்களுடையதைப் போல இரண்டு மடங்கு பெரிதாகத் தைக்கச் செய்தார். வாய்ப்புக் கிடைத்த போதெல்லாம் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி அந்த முடிச்சை ஆட்டினார். மாடியில் மலிவு டிக்கெட்காரர்கள் சிரித்துக் குதித்தார்கள். வேலையே போயிருக்க வேண்டியது என்று பிறகு சொன்னார் ஜெஸ்ஸி. ஒரு சொல்கூட மாற்ற அனுமதிக்காத கில்பர்ட்டின் ஒத்திகையில், சொல்லை மாற்றாமல் துணியை மாற்றியிருக்கிறார். கெட்டிக்காரத்தனம்!

1887இல் 'ருடிகோர்'. இதில் பைத்தியம் பிடித்த மார்கரெட் வேடம். பெரிய ஓபராக்களில் காதலில் ஏமாந்த நாயகி தலையை விரித்துப்போட்டுப் பித்துப் பிடித்துப் பாடும் காட்சி ஒன்று கட்டாயம் இருக்கும். அதைக் கேலி செய்யும் வேடம் இது. ஆனால் வெறும் கேலியாகச் செய்தால் சப்பென்று போய்விடும். பார்ப்பவர் சிரிக்கும்போதே பாவம் என்றும் தோன்ற வேண்டும். அதை ஜெஸ்ஸி சாதித்தார். தனக்குப் பிடித்த வேடங்களில் முக்கியமானது இது என்று அவரே சொன்னார்.

1888 அக்டோபர் 3 அன்று 'தி யோமென் ஆஃப் தி கார்டு'. அதுவரை இவர்களின் நாடகங்கள் திரை தூக்கியதும் கூட்டம் பாடுவதாகத்தான் தொடங்கும். இதில் திரை தூக்கியதும் மேடையில் ஒரே ஒரு பெண். ராட்டையில் நூல் நூற்றுக்கொண்டு தனியாகப் பாடுகிறாள். ஃபீபி என்ற அந்த வேடத்தைக் கொடுக்கும்போது, இதில் நீ நடிக்கவே வேண்டாம், இது நீயேதான் என்று கில்பர்ட் சொன்னாராம். முதல் இரவு கில்பர்ட்டுக்கு ஒரே பதற்றம். ராட்டையின் முன் உட்கார்ந்திருந்த ஜெஸ்ஸியைச் சுற்றிச் சுற்றி வந்து, சரியாக இருக்கிறதா, சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்க, கடைசியில் ஜெஸ்ஸிதான் அவரை அங்கிருந்து போகச் சொல்ல வேண்டியதாயிற்று. மனிதர் அரங்கத்தை விட்டே வெளியேறி, வேறொரு கொட்டகையில் போய் உட்கார்ந்துவிட்டு முடியும் நேரத்துக்குத் திரும்பி வந்தார். பத்தாண்டுகளுக்கு முன் வசனம் பேசத் தயங்கியவரின் கையில்தான் இப்போது முழு நாடகத்தின் முதல் நிமிடங்களும் இருந்தன.

இனித்தான் தலைப்புக்கு வருகிறேன்.

1889. அடுத்த நாடகம் 'தி கோண்டலியர்ஸ்'. ஜெஸ்ஸியின் சம்பளம் வாரத்துக்கு 20 பவுண்டு. முப்பது கொடுத்தால்தான் நடிப்பேன் என்றார் ஜெஸ்ஸி. அந்தக் காலத்தில் லண்டனில் வீட்டு வேலை செய்த பெண்ணுக்கு ஓர் ஆண்டுக்கே 20 பவுண்டு கிடைக்காது. ஆகவே அவர் ஏற்கெனவே வாங்கியது சின்னத் தொகை அல்ல. ஆனால் அரங்கம் இரவுக்கு இரவு நிறைந்தது யாருக்காக? அதில் தன் பங்கு என்ன என்பது ஜெஸ்ஸிக்குத் தெரியும். கில்பர்ட் கடுமையாக எதிர்த்தார். கார்ட் கணக்குப் போட்டுப் பார்த்தார், கொடுத்துவிடலாம் என்றார். முப்பது கிடைத்தது.

கில்பர்ட் அதை மன்னிக்கவில்லை. ஒத்திகை முழுக்க, மேடையில் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வதைத் தவிர ஜெஸ்ஸியுடன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வரும்போதெல்லாம், அதிகச் சம்பளம் வாங்கும் கலைஞர் வருகிறார், வழிவிடுங்கள் என்று எல்லார் முன்னிலையிலும் குத்திக் காட்டினார். விருந்துக்குக் கூப்பிட்ட வாலிபர்களை விரட்டி ஜெஸ்ஸியின் மானத்தைக் காத்த அதே மனிதர்தான். பெண்ணைப் பாதுகாப்பதில் அவருக்குத் தயக்கமே இல்லை. அவளே தன் விலையைச் சொன்னபோதுதான் கசந்தது. இதை நான் கில்பர்ட்டைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. நம் வீடுகளிலும் இப்படி நல்ல மனிதர்கள் நிறையப் பேர் உண்டு. பெண்ணுக்கு ஒன்று என்றால் முதல் ஆளாக வந்து நிற்பார்கள். அவளே ஒன்று கேட்டால் முகம் மாறிவிடும்.

கில்பர்ட் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். நட்சத்திரங்களின் பிடிவாதம் அவருக்கு அலுத்துப்போயிருந்தது. அதனால் இந்த நாடகத்தில் யாரும் தனி நட்சத்திரம் இல்லை, எல்லாருக்கும் சமமான பங்கு என்று திட்டமிட்டே எழுதினார். கதையும் அதுதான். வெனிஸ் நகரத்துப் படகோட்டிகள் இருவரில் ஒருவன் ஒரு நாட்டுக்கு அரசன் என்கிறார்கள், எவன் என்று தெரியவில்லை. இருவரும் சேர்ந்து ஆள்கிறார்கள். அரண்மனையில் சமையற்காரனும் மந்திரியும் சமம் என்று சட்டம் போட்டுக் குழம்புகிறார்கள். சமத்துவம் என்ற கேலிக்கு நடுவே, படகோட்டி ஒருவனின் மனைவி டெஸ்ஸாவாக முப்பது பவுண்டு ஜெஸ்ஸி! நாடகம் 554 காட்சிகள் ஓடியது. அதே நாடகத்தை 1891 மார்ச் 6 அன்று விண்ட்சர் அரண்மனையில் மகாராணி முன்னிலையிலும் போட்டார்கள். கொடுத்த முப்பதில் கார்ட்டுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

பணச் சண்டை நடிகைகளோடு நிற்கவில்லை. 1890இல் அரங்கத்துக்கு வாங்கிய கம்பளம் உள்ளிட்ட செலவுக் கணக்கில் கில்பர்ட்டுக்கும் கார்ட்டுக்கும் தகராறு. சல்லிவன் கார்ட் பக்கம் நின்றார். கில்பர்ட் நீதிமன்றமே போய்விட்டார். தன் பங்கு குறைகிறது என்று அவர் வழக்குப் போட்டால் அது கொள்கை. ஜெஸ்ஸி தன் பங்கைக் கேட்டால் பேராசை. இந்த வேறுபாட்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே.

மூவரும் பிரிந்ததால் சவாய் அரங்கத்துக்கு வேறு நாடகம் தேவைப்பட்டது. 1891 ஜூன் 30 அன்று வந்தது 'தி நாச் கேர்ள்'. எட்வர்டு சாலமன் இசை, ஜார்ஜ் டான்ஸ் எழுத்து. கதை நடப்பது நம் இந்தியாவில்! நாட்டின் பெயர் சட்னிப்பூர். ராஜாவின் பெயர் பங்கா. நாட்டியக்காரி ஒருத்தியை மேல்சாதி இளைஞன் காதலிக்கிறான், சாதி குறுக்கே நிற்கிறது. ஜெஸ்ஸிக்குச் சின்னா லூஃபா என்ற வேடம். அந்தச் 'சின்னா'வைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்னியும் பங்காவும் சாதியும் நாட்டியமும்தான் அன்றைய லண்டன்காரனுக்குத் தெரிந்த இந்தியா. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இங்கே சென்னையில் அதே நாட்டியத்துக்கு எதிராக, சதிர்க் கச்சேரிக்குப் போகக் கூடாது என்று, இயக்கமே கிளம்பியது. அங்கே கைதட்டலுக்கு உதவிய அதே சொல் இங்கே எத்தனையோ கலைஞர்களின் பிழைப்பைக் கெடுத்தது. அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன். இந்த நாடகம் 200 காட்சிகள் ஓடியது.

அதன் பிறகு ஜெஸ்ஸி வேறு அரங்கங்களில் நடித்தார். 1894இல் கில்பர்ட் எழுதிய 'ஹிஸ் எக்ஸலென்சி' நாடகத்திலும் அவருக்கு வேடம் உண்டு. முப்பது பவுண்டுக் கோபமெல்லாம் ஆறிவிட்டது போலும். அல்லது அந்த வேடத்துக்கு அவரை விட்டால் ஆள் இல்லை என்று கில்பர்ட்டுக்கும் தெரிந்திருக்கும். பிறகு சவாயில் மறுபடி மிக்காடோ போட்டபோது பழைய வேடத்திலேயே வந்து நின்றார்.

1897இல், 44 வயதில், லூயிஸ் ரான்சம் என்ற பொறியாளரை மணந்துகொண்டு மேடையை விட்டார். கில்பர்ட்டுக்கு அதில் வருத்தம், போகிறாயே முட்டாள் பெண்ணே என்கிற மாதிரிக் கடிந்துகொண்டார். வயதான பெண்களை உங்களுக்குத்தான் பிடிக்காதே என்று ஜெஸ்ஸி திருப்பிக் கொடுத்தார். கில்பர்ட்டின் நாடகங்களில் வயதான பெண்ணைக் கேலி செய்யாத நாடகம் அபூர்வம். வயதானால் எனக்கு என்ன வேடம் தருவாய் என்று எனக்குத் தெரியும், அதற்குள் நானே போகிறேன் என்பதுதான் அந்தப் பதிலின் பொருள். நல்ல பெயர் இருக்கும்போதே இறங்கத் தெரிவதும் ஒரு கணக்குத்தான்.

இந்த இரண்டாம் திருமணம் நல்லபடியாக அமைந்தது. நாட்டிங்ஹாம்ஷயர் பக்கம் நிம்மதியாக 25 ஆண்டுகள் வாழ்ந்தார்கள். 1922இல் கணவர் காலமானார். ஜெஸ்ஸி பிறகு வொர்த்திங் என்ற கடற்கரை ஊரில் இருந்தார். 1930இல், 77 வயதில், தன் நினைவுகளைச் சொல்லிப் புத்தகமாக்கினார். மேலே நான் சொன்ன ஓபி, ராட்டை, பெட்டி வாலிபர்கள் கதையெல்லாம் அவர் வாயாலேயே வந்தவை. மேடைக்காரி சொன்ன கதை என்பதால் கொஞ்சம் உப்பும் காரமும் கூடியிருக்கலாம். வரலாறு படிப்பவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் அந்த அரங்கத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஒரு நடிகை தன் பக்கத்தைத் தானே சொல்லி வைத்துவிட்டுப் போனதால்தான் முப்பது பவுண்டு விவகாரம் இன்று நமக்குத் தெரிகிறது. கேட்டதும் அவரே, எழுதி வைத்ததும் அவரே.

என் மாணவிகளில் இன்று எத்தனையோ பேர் வேலை பார்க்கிறீர்கள். தனியார் பள்ளி, மருத்துவமனை, ஜவுளிக் கடை, கணினி நிறுவனம் என்று. ஊதியம் கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று தயங்கும் பெண்கள் நிறையப் பேர். 'கொடுக்கிறதைக் கொடுங்க சார்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஜெஸ்ஸி கதாநாயகிக் குரல் இல்லாதவர், உயரம் இல்லாதவர், கணுக்கால் மடங்காதவர், பதினேழு வயதில் வாழ்க்கையே முடிந்துவிட்டது என்று மற்றவர்கள் நினைத்திருக்கக்கூடியவர். முதலில் வேலையைக் கற்றார். பதினோரு ஆண்டுகள் வேலையில் தன்னை நிரூபித்தார். பிறகு தொகையைச் சொல்லிக் கேட்டார். குத்திக் காட்டினார்கள். அதையும் காதில் வாங்கிக்கொண்டு ஒவ்வோர் இரவும் மேடைக்குப் போய்ச் சிரிக்க வைத்தார். நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது இந்த வரிசையைத்தான்.

ஆண் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கீழே வேலை பார்க்கும் பெண் ஒருத்தி சம்பள உயர்வு கேட்டு வந்தால், கில்பர்ட்டாக இருக்காதீர்கள். கார்ட் மாதிரி ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நேரம் கிடைத்தால் யூடியூபில் மிக்காடோவின் மூன்று சிறுமிகள் பாட்டைத் தேடிக் கேளுங்கள். குழந்தைகளுக்கும் போட்டுக் காட்டுங்கள். எந்தக் குழுவின் நிகழ்ச்சியாக இருந்தாலும் மூவரில் ஒருத்தியின் ஓபி மட்டும் பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

எல்லாரும் நலமாக இருங்கள். வெயில் கடுமையாக இருக்கிறது, குழந்தைகளை மதியத்தில் வெளியே விடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்